பட்டியலில் மூன்றாவது நகை

கரமனை
12-1-2024

சரசுக்கு மதினி சிவகாமி எழுதிக்கொண்டது. இங்கே என் முட்டுவலியைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். உன் காது எப்படி இருக்கிறது? போனில் கூப்பிட்டால் உன் காது மிஷின்தான் கூவுகிறது. நான் ஒன்று கேட்க நீ வேறொன்றுக்குப் பதில் சொல்கிறாய். அதனால்தான் கடிதம்.

பேத்தி ஆர்யாவுக்கு விவாகரத்தை அடுத்து நகைக் கேஸிலும் தீர்ப்பு வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் போட்ட நாற்பத்திரண்டு பவுனையும் பத்மகுமார் திருப்பித் தரவேண்டும், இல்லையென்றால் இன்றைய விலையைத் தரவேண்டும். "எனக்கு ஒரு குண்டுமணி தங்கமும் தரவில்லை" என்று கோர்ட்டில் சாதித்தான். நான் இரண்டாம் சாட்சி. கல்யாண ஆல்பத்தை விரித்து வைத்துக் கேட்டார்கள். எந்த நகை, எத்தனை பவுன், எந்தக் கடை, அன்று மழையா வெயிலா என்றுகூடச் சொன்னேன். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். மூன்றாம் வகுப்பு படித்தவள் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை.

தீர்ப்பு கைக்கு வந்தால் பணமும் வந்துவிடும் என்று நினைத்தேன். ஷைலஜா வக்கீல் சிரித்தாள். "அம்மச்சி, இது பேப்பர் அல்லே? பணத்தை நம்ம தன்னெ பிடிக்கணும்" என்றாள். பத்மகுமார் வீட்டைத் தங்கை பேருக்கு எழுதிவிட்டான். பழவங்காடியில் பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய் விற்கிறானே, அந்தக் கடை போர்டில் இப்போது தங்கை புருஷன் கோமதிநாயகம் பேர் இருக்கிறது. கடை பத்மகுமாருடையதுதான் என்று காட்டினால் ஜப்தி செய்யலாமாம்.

ஆர்யாவின் நகைக்காக இந்த வீட்டுப் பத்திரத்தைச் சகரண பாங்கில், அதுதான் கூட்டுறவு பாங்கில், அடகு வைத்தேன். ஜூலைக்குள் கட்டாவிட்டால் வீட்டை ஏலம் விடுவோம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. தாயில்லாத பெண்ணை வளர்த்தவள் நான். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் நீ. உன் மருமகன் வேல்சாமிதானே பத்மகுமாருக்கு லோடு அனுப்புகிறான்? பில் யார் பேரில் போகிறது என்று பார்த்துச் சொல். அன்று சம்பந்தம் பேசிய வாய்க்கு இது பெரிய வேலை இல்லை.

இப்படிக்கு
சிவகாமியம்மாள்

பூதப்பாண்டி
24-1-2024

மதினிக்கு சரசம்மா எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. சுகம் விசாரித்ததற்குச் சந்தோஷம், குத்திக் காட்டாமல் விசாரித்திருந்தால் இன்னும் சந்தோஷம். என் காது அப்படியேதான். சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

சம்பந்தம் நான் சொன்னதுதான். பையனை மூன்று தடவை பார்த்துவிட்டு "தங்கமான பிள்ளை" என்று சொன்னது யார்? அது இருக்கட்டும். ஆர்யா எனக்கும் பேத்திதான்.

வேல்சாமியிடம் கேட்டேன். முதலில், "நல்ல வியாபாரம் போயிருமே அத்தே" என்று முனகினான். "ஒனக்கும் ரெண்டு பொட்டப்பிள்ளை இருக்குல்லா?" என்று கேட்டேன். எழுந்து போய் பில் கட்டையே கொண்டுவந்து வைத்துவிட்டான். போன மாதம் வரைக்கும் எல்லா பில்லும் பத்மகுமார் பேரில், அவன் கையெழுத்தோடு இருக்கிறது. பதினாறு நகல் இத்துடன் வைத்திருக்கிறேன். ஆர்யாவின் குழந்தைக்கு என் ஆசி.

அன்புடன்
சரசம்மா

கரமனை
22-2-2024

சரசுக்கு மதினி எழுதுவது. பில் வந்தது. உபகாரம். நீ நன்றாக இருக்கவேண்டும். இதை நான் உனக்கு எழுதி எத்தனை வருஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்தக் கணக்கை எழுதவில்லை.

திங்கட்கிழமை ஜப்தி நடந்தது. கோர்ட்டு ஆமீன் பிஜு என்று ஒரு சின்னப் பையன், மீசைகூடச் சரியாக இல்லை. நானும் ஆர்யாவும் ஆட்டோவில் போனோம். கோமதிநாயகம் ஓடிவந்து, "கடை என்னுதாக்கும், போர்டைப் பாருங்கோ" என்று கத்தினான். ஆர்யா பதினாறு பில்லையும் ஆமீன் கையில் வைத்தாள். பத்மகுமார் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து எங்களைப் பார்க்காமல் போனையே நோண்டிக்கொண்டிருந்தான்.

ஆமீன் தேங்காய்க் குவியலைப் பார்த்துத் தலையில் கைவைத்தான். "அம்மச்சீ, இதை எண்ணித் தீரணுமெங்கில் ஓணம் ஆகும்" என்றான்.

"எண்ணு மக்கா. நான் நிக்கேன்" என்றேன்.

நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. அவன் இரண்டு இடத்தில் தப்பவிட்டதை நான்தான் சொன்னேன். நடுவில் கோயிலுக்கு வந்த ஒருவர், "ஒரு தேங்கா கிட்டுமோ?" என்று கேட்டார். "இப்போ இது கோர்ட்டு தேங்காயாணு சாரே" என்று ஆமீன் சொன்னான். அவர் பயந்து அடுத்த கடைக்குப் போய்விட்டார். எனக்குக்கூடச் சிரிப்பு வந்தது. சீல் வைத்தாயிற்று. ஆர்யா வரும் வழியெல்லாம் என் கையை விடவில்லை.

வேல்சாமி சத்தியவாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்று ஆர்யா என்னைக் கேட்காமலே அந்தத் தாளோடு தீர்ப்பு நகலையும் உனக்கு அனுப்பிவிட்டாளாம். அது முழுக்க இங்கிலீஷ். நீ மெனக்கெட்டு வாசிக்க வேண்டாம். கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பி அனுப்பினால் போதும்.

சிவகாமியம்மாள்

பூதப்பாண்டி
4-3-2024

மதினிக்கு சரசம்மா எழுதுவது. வேல்சாமி கையெழுத்துப் போட்ட தாளைத் தனியாக ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். இங்கே எல்லாரும் நலம்.

நீங்கள் வாசிக்க வேண்டாம் என்று எழுதியதால் என் பேத்தி ரெம்யாவை வாசிக்கச் சொன்னேன். கடைசிப் பக்கத்தில் நகைப் பட்டியல் இருக்கிறது. மூன்றாவது நகை, சிவப்புக்கல் பதக்கம் வைத்த காசுமாலை, பதினொரு பவுன்.

அந்த மாலை என் பீரோவில் இருக்கிறது மதினி. நேற்றும் எடுத்துப் பார்த்தேன்.

ஆர்யா கல்யாணத்துக்கு நீங்கள் இரவல் கேட்டீர்கள், நான் கொண்டுவந்தேன். மறுவீட்டுக்குப் புறப்படும் முன்னால் நானே அவள் கழுத்திலிருந்து கழற்றினேன். "சின்ன ஆச்சி எங்கே கொண்டுபோறா?" என்று அவள் கேட்டதற்கு, "பெட்டியில வைக்கா" என்று நீங்கள் சொன்னீர்கள். நான் பையில் வைக்குமுன் நீங்கள் அதை வாங்கிக் காசுகளை எண்ணிப் பார்த்தீர்கள். நீங்களா மறந்துவிட்டீர்கள்?

கோர்ட்டில் என்ன சொன்னீர்கள்?

சரசம்மா

கரமனை
14-3-2024

சரசுக்கு, இங்கே சுகம். அம்மன் கோயில் பொங்காலைப் புகை இன்னும் கண்ணில் நிற்கிறது. குழந்தைக்கு இருமல், ஆர்யா இரண்டு நாள் லீவு போட்டாள்.

நல்ல செய்தி. சீல் வைத்த தேங்காய் முளைக்க ஆரம்பித்ததும் பத்மகுமாரின் வக்கீல் இறங்கி வந்துவிட்டார். பங்குனிக்குள் முழுப் பணமும் கட்டிவிடுவானாம், பட்டியலை ஒருமுறை சரிபார்க்கவேண்டுமாம். பாங்கு மேனேஜரிடமும் சொல்லிவிட்டோம். ஆர்யா எத்தனையோ நாளைக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்துக்கொண்டு துணி மடிக்கிறாள்.

வெயில் அதிகம். மோர் குடி.

சிவகாமி

பூதப்பாண்டி
20-3-2024

மதினிக்கு,
மோர் குடிக்கிறேன். நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.
சரசம்மா

கரமனை
28-3-2024

சரசுக்கு சிவகாமியம்மாள் எழுதுவது. பதில்தானே வேண்டும்? உட்கார்ந்து வாசி.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆவணி மாதம், ஆர்யாவின் அம்மாவை நான் பெற்ற பதினோராம் நாள், உன் அம்மை, என் அத்தை, என் படுக்கையில் வந்து உட்கார்ந்தாள். பச்சைக்கரைச் சேலை. வலதுகைச் சுண்டுவிரலில் துணி சுற்றியிருந்தது, அரிவாள்மணையில் வெட்டிக்கொண்டது. "இந்த மாலை ஒனக்குத்தான் சிவகாமி. ஒனக்குப் பெறவு இந்தப் பேத்திக்கு, அவளுக்குப் பெறவு அவ மவளுக்கு" என்றாள். அறையில் மூன்றாவது ஆள் இல்லை. மறுவருஷம் தை மாதம் உன் கல்யாணம். மாலை உன் கழுத்தில் இருந்தது. நான் பந்தியில் இலை போட்டுக்கொண்டே பார்த்தேன். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் அண்ணன், என் புருஷன்கூட, "விடு, பொட்டப்பிள்ளைக்கு ஆசைப்பட்டுப் போட்டா" என்றுதான் சொன்னார்.

என் மாலையை ஐம்பது வருஷம் நீ வைத்திருந்தாய். என் பேத்தி கல்யாணத்துக்கு அதை நான் உன்னிடம் இரவல் கேட்டேன். அப்படிக் கேட்ட என் வாய் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாயா? மாப்பிள்ளை வீட்டில் நாற்பத்திரண்டு பவுன் என்று பேசி முடித்தவள் நீதான். முப்பத்தொன்றுக்கு மேல் என்னால் புரட்ட முடியவில்லை. மீதியை அந்த மாலையால் காட்டினோம். நானும் நீயும் சேர்ந்துதான் காட்டினோம். ஆர்யாவிடமும் நாற்பத்திரண்டு என்றே சொல்லி வைத்தேன், மாமியார் வீட்டில் அவள் வாயிலிருந்து வேறு எண் வரக்கூடாது என்று.

ஆல்பத்தில் விரலை வைத்து, "இது ஆருடெ மாலை?" என்று வக்கீல் கேட்டார். "எங்களுடையது" என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவன் மற்ற முப்பத்தொரு பவுனையும் விற்றுத் தின்றது பொய்யா? வாங்கவே இல்லை என்று அவன் சொன்னதால் மாலை மட்டும் வரவில்லை என்று அவனால் சொல்ல முடியவில்லை. அது அவன் பாடு.

இனி இதைப் பற்றி எழுதாதே. சுகத்துக்கு எழுது.

சிவகாமியம்மாள்

பூதப்பாண்டி
8-4-2024

மதினிக்கு சரசம்மா எழுதுவது. சுகத்துக்கு எழுதச் சொன்னீர்கள். சுகமில்லை.

நேற்று பத்மகுமார் இங்கே வந்தான். பில் கொடுத்ததற்காக வேல்சாமியோடு சண்டை போட வந்தவன். வேல்சாமி தோப்பில் இருந்தான். வீடு தேடி வந்தவனை வெளியே நிறுத்த முடியாமல் உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தேன். அதற்காக என்னை இன்னும் இருபது வருஷம் திட்டுங்கள், பரவாயில்லை.

தம்ளரைக் கையில் வாங்கினவன் சுவரைப் பார்த்தான். ரெம்யாவின் கல்யாணப் போட்டோ பெரிதாக மாட்டியிருக்கிறதே. கொரோனா காலத்துக் கல்யாணம், இருபது பேர்தான் வந்தோம், நீங்களும் ஆர்யாவும் வரவில்லை. ரெம்யா கழுத்தில் அந்த மாலை.

அவன் கிட்டே போய்ப் பார்த்தான். "ஆச்சி, இது ஆரு மாலை?" என்றான்.

எனக்கு மிஷின் வேலை செய்யவில்லை என்று காதைக் காட்டினேன். அவன் என் காதுக்கருகில் குனிந்து, "நான் வித்துத் தின்ன மாலை இங்கே தூங்குதா ஆச்சி? இதுக்கா நான் பணம் கெட்டணும்?" என்று கத்திவிட்டுச் சிரித்தான். போனில் நாலு படம் எடுத்தான். மேசையில் கிடந்த அவள் கல்யாண ஆல்பத்தின் பின்னட்டையில் இருந்த தேதியையும் எடுத்தான். காப்பியைக் குடிக்காமல் போய்விட்டான்.

எறணாகுளம் ஹைகோர்ட்டுக்குப் போகப்போகிறானாம். ஒன்று பொய்யென்றால் எல்லாம் பொய்யென்று சொல்லுவானாம்.

ஆர்யாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். வேறு யார் வாயாலும் அவள் கேட்கவேண்டாம்.

சரசம்மா

கரமனை
17-6-2024

சரசுக்கு சிவகாமி எழுதுவது. இரண்டு மாதமாகக் கடிதம் போடவில்லை. உடம்பு சரியில்லை. இப்போது பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

ஹைகோர்ட்டு தடை கொடுத்துவிட்டது. கடைச் சீலை எடுத்துவிட்டார்கள். அவன் பழையபடி தேங்காய் விற்கிறான். அவன் கொடுத்த மனுவில் ரெம்யா போட்டோ இருக்கிறதாம். ஆர்யா அதைப் பார்த்துவிட்டு, "சின்ன ஆச்சி எங்கிட்ட சொல்லாம மாலையை எடுத்துருப்பாளோ?" என்று என்னைக் கேட்டாள். நான் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். தெரியவில்லை என்றேன்.

நான் அவளிடம் சொல்லவில்லை. நாலைந்து தடவை வாய்வரை வந்தது.

பாங்கு மேனேஜர் அவகாசம் இல்லை என்கிறார். நான் நன்றாக யோசித்துவிட்டேன். நீ ஒரு வாக்குமூலம் கொடு. மாலை ஆர்யாவுடையதுதான், ரெம்யா கல்யாணத்துக்கு அவளிடம் இரவல் வாங்கினேன் என்று சொல். ஒரு வரி போதும். நான் உன்னிடம் கையேந்துவது இது இரண்டாம் தடவை. இரண்டு தடவையும் அதே மாலைக்கு.

சிவகாமி

பூதப்பாண்டி
23-6-2024

மதினிக்கு சரசம்மா எழுதுவது. உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபப்படாமல் கேளுங்கள்.

நீங்கள் சொல்கிறபடியே சொல்கிறேன் என்று வையுங்கள். அப்படியானால் ரெம்யா கல்யாணத்தன்று மாலை ஆர்யாவிடம் இருந்திருக்கவேண்டும். ஆனால் எல்லா நகையையும் கல்யாணமான முதல் வருஷமே, ரெம்யா கல்யாணத்துக்கு முன்பே, பத்மகுமார் வாங்கிக்கொண்டான் என்று கோர்ட்டில் சொல்லியிருக்கிறீர்கள். அவன் வாங்கிய மாலையை அவள் எனக்கு எப்படி இரவல் கொடுப்பாள்? நான் உண்மை சொன்னாலும் பொய் சொன்னாலும் அந்த மாலைக்கு அவன் பணம் தரவேண்டியதில்லை. பொய் சொன்னால் ஆர்யாவும் பொய்க்காரி ஆவாள். இப்போது நீங்கள் ஒருத்திதான்.

எங்கள் அம்மை உங்களுக்குத் தருவதாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அம்மை அப்படிப் பலருக்குப் பலதும் சொல்லுவாள்.

ஷைலஜா வக்கீலுக்கு ரெம்யாவை விட்டுப் போன் பண்ணச் சொன்னேன். பெயர் சொல்லாமல் கேட்டாள். பட்டியலில் ஒரு நகை தவறாகச் சேர்ந்துவிட்டது, அதை விட்டுவிடுகிறோம் என்று ஆர்யா தானாகவே மெமோ கொடுத்தால் மீதிக்குக் கேஸ் நிற்குமாம். கொடுக்கவேண்டியவள் ஆர்யா. சொல்லவேண்டியவள் நீங்கள்.

சரசம்மா

நேமம்
19-10-2024

சரசுக்கு சிவகாமி எழுதுவது. மேலே எழுதியிருக்கும் விலாசத்தைப் பார். கரமனை வீடு இல்லை. பாங்கு ஏலத்துக்கு விடுவதற்கு முன்னால் நாமே விற்றுவிடலாம் என்று ஆர்யா ஆகஸ்டில் விற்றாள். கடன் போக மிஞ்சியதில் இங்கே வாடகைக்கு வந்தோம். இரண்டு அறை, தண்ணீர் காலையில் மட்டும். குழந்தை புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். சுகமாக இருக்கிறோம் என்றே எழுதுகிறேன்.

ஹைகோர்ட்டில் மெமோவை ஏற்றுக்கொண்டார்கள். மீதியை ஒரு மாதத்துக்குள் கட்டவேண்டும் என்று உத்தரவு. பத்மகுமார் போன வாரம் கட்டிவிட்டான். மாலையைச் சேர்க்காமல் இருந்திருந்தால் இந்தப் பணம் பங்குனியிலேயே வந்திருக்கும், வீடும் நின்றிருக்கும் என்று ஷைலஜா வக்கீல் என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் ஆர்யாவிடம் சொன்ன நாளைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள், ஜூன் இருபத்தேழு, வியாழக்கிழமை, அவள் வேலைக்குக் கிளம்பித் தலைவாரிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். எழுபத்திரண்டில் தொடங்கி எல்லாம் சொன்னேன். அவள் சீப்பை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வந்து, ஆல்பத்தையும் பழைய பில் வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவையும் தரையில் பரப்பினாள். கையில் பென்சில்.

"மத்த முப்பத்தொண்ணும் நெசந்தானா ஆச்சி?" என்று கேட்டாள்.

சரசு, என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கோர்ட்டில்கூட.

நான் சொல்லச் சொல்ல அவள் பில்லைத் தேடி எடுத்து, எடையைப் பார்த்து, டிக் போட்டாள். வளையல் எட்டு, டிக். நெக்லஸ், டிக். என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கடைசியில் ஜிமிக்கி, இரண்டு பவுன். அதற்குப் பில் கிடைக்கவில்லை. டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தாள். நான் எழுந்து அலமாரி முழுக்கத் தேடினேன். இல்லை. ஜிமிக்கிக்கு நேராகக் கேள்விக்குறி போட்டாள்.

மறுநாள் வக்கீல் ஆபீசில் மாலையோடு ஜிமிக்கியையும் மெமோவில் எழுதச் சொன்னாள். ஷைலஜா வக்கீல், "எந்தினு மோளே? அதுக்கும் தீர்ப்பு உண்டல்லோ" என்று கேட்டாள்.

"அதுக்கு ஆச்சி சொன்னது மட்டுந்தான் சாட்சி. அது வேண்டாம்" என்றாள் ஆர்யா. நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்.

இருபத்தொன்பது பவுனுக்குத்தான் பணம் வந்தது.

அந்த ஜிமிக்கி சாலைக் கடைத்தெருவில் வாங்கியது. கல்யாணத்துக்குப் பதினேழு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு மணி. சாக்கடை நிரம்பி ரோட்டில் தண்ணீர். கடைக்காரர் கூலியில் நூறு ரூபாய் குறைத்தார். காதில் வைத்துப் பார்க்கக் கண்ணாடியை ஆர்யாவே பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வாங்கியதுதான்.

மழைக்காலம், காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேல்சாமிக்கு வியாபாரம் போனதற்கு நான் வருத்தப்பட்டதாகச் சொல்.

சிவகாமி